மருத்துவர் மீதான புகார் எங்கே போக வேண்டும்? நடத்தை விதி, இழப்பீடு, குற்ற வழக்கு குறித்து ஒரு விளக்கம்

தவறான சிகிச்சையால் நோயாளி இறந்துவிட்டதாகக் கூறி உறவினர்கள் மருத்துவமனையை முற்றுகையிட்டனர் என்ற செய்தி நாளிதழ்களின் மாவட்டப் பக்கங்களில் அடிக்கடி வருகிறது. உடலை வாங்க மறுப்பது, சாலை மறியல், காவல்துறையின் பேச்சுவார்த்தை, பிரேதப் பரிசோதனை அறிக்கை வந்ததும் நடவடிக்கை எடுப்பதாக உறுதி என்று நகரும் அச்செய்தி பெரும்பாலும் மறுநாளோடு நின்றுவிடுகிறது. மருத்துவர் செய்தது உண்மையில் தவறுதானா, தவறென்றால் எவ்வகைத் தவறு, அதை முடிவு செய்யும் அதிகாரம் யாருக்கு உண்டு என்பவை வாசகருக்குக் கடைசிவரை தெரிவதில்லை.

இதனால் இரு தரப்பும் பாதிக்கப்படுகின்றன. நியாயமான குறையுள்ள குடும்பம் பொருந்தாத இடத்தில் முறையிட்டு ஆண்டுக்கணக்கில் அலைகிறது. தன்னால் இயன்ற அனைத்தையும் செய்த மருத்துவர் காவல் நிலையத்தில் விளக்கம் சொல்லிக்கொண்டு நிற்கிறார். 2024 நவம்பர் 13 அன்று சென்னை கிண்டி கலைஞர் நூற்றாண்டு மருத்துவமனையில் பணியில் இருந்த மருத்துவரை, தாயின் சிகிச்சை குறித்து மனக்குறை கொண்டிருந்த மகன் கத்தியால் குத்தியபோது, அச்செயலை எவ்வகையிலும் நியாயப்படுத்த முடியாது என்பதோடு, குறையைச் சொல்ல முறையான இடம் எது என்பது மக்களுக்கு எவ்வளவு தூரம் தெரியாமல் இருக்கிறது என்ற கேள்வியும் எழுந்தது.

ஒன்றாகத் தோன்றும் மூன்று கேள்விகள்

ஒரே நிகழ்வு குறித்து மூன்று கேள்விகள் எழலாம். ஒன்றுக்கு ‘ஆம்’ என்று விடை வந்தால் மற்றவற்றுக்கும் அதே விடை வர வேண்டும் என்பதில்லை.

1. மருத்துவர் தம் தொழிலுக்குரிய நடத்தை விதிகளை மீறினாரா? இதை விசாரிப்பது மாநில மருத்துவ கவுன்சில். தமிழ்நாட்டில் தமிழ்நாடு மருத்துவ கவுன்சில். எச்சரிக்கையில் தொடங்கி, பதிவேட்டிலிருந்து பெயரைக் குறிப்பிட்ட காலத்துக்கோ நிரந்தரமாகவோ நீக்குவது வரை அது தண்டனை வழங்கலாம். பாதிக்கப்பட்டவருக்கு இழப்பீடு வாங்கித் தரும் அதிகாரம் அதற்கு இல்லை.

2. மருத்துவரின் அல்லது மருத்துவமனையின் அலட்சியத்தால் நோயாளிக்குத் தீங்கு நேர்ந்ததா? இதை முடிவு செய்பவை நுகர்வோர் ஆணையங்களும் உரிமையியல் நீதிமன்றங்களும். இங்கே கிடைப்பது பண இழப்பீடு மட்டுமே. மருத்துவரின் பதிவை இவை தொட முடியாது.

3. அந்த அலட்சியம் குற்றம் என்று சொல்லத்தக்க அளவுக்குக் கடுமையானதா? இது காவல்துறைக்கும் குற்றவியல் நீதிமன்றத்துக்கும் உரிய கேள்வி.

நம் செய்திகளும் போராட்டங்களும் பெரும்பாலும் மூன்றாவது கேள்வியிலிருந்தே தொடங்குகின்றன. சட்டப்படி நிறுவுவதற்கு மிகக் கடினமானது அதுதான். தொழில் ஒழுக்கம் குறித்த முதல் கேள்வியோ அனேகமாகக் கேட்கப்படுவதே இல்லை. பல புகார்களில் எளிதில் நிறுவக்கூடியது அந்த முதல் கேள்விதான் என்பதால், இக்கட்டுரை அதை விரிவாக எடுத்துக்கொள்கிறது.

நடத்தை விதிகளின் இன்றைய நிலை

இன்று நடைமுறையில் இருப்பவை, அப்போதைய இந்திய மருத்துவ கவுன்சில் 2002இல் வெளியிட்ட தொழில்முறை நடத்தை, நாகரிகம் மற்றும் நன்னெறி ஒழுங்குமுறை விதிகள். அந்தக் கவுன்சில் கலைக்கப்பட்டு, 2019ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி 2020 செப்டம்பர் 25 முதல் தேசிய மருத்துவ ஆணையம் பொறுப்பேற்றது. ஆணையம் 2023 ஆகஸ்ட் 2 அன்று புதிய நடத்தை விதிகளை அறிவித்தது. மருந்துகளை வணிகப் பெயரால் எழுதாமல் மூலப்பெயரால் (ஜெனரிக் பெயரால்) மட்டுமே எழுத வேண்டும் என்ற கட்டாயத்துக்கும் வேறு சில பிரிவுகளுக்கும் மருத்துவர் சங்கங்கள் கடும் எதிர்ப்புத் தெரிவித்தன. மூன்றே வாரங்களில், ஆகஸ்ட் 23 அன்று, புதிய விதிகள் முழுவதும் நிறுத்திவைக்கப்பட்டு 2002ஆம் ஆண்டு விதிகளே மீண்டும் செயலுக்கு வந்தன. மூலப்பெயர் குறித்த சர்ச்சைக்காக மற்றப் பிரிவுகளையும் சேர்த்துக் கிடப்பில் போட்டது தேவையற்ற முடிவு என்பதே என் கருத்து.

பழைய விதிகள் வெறும் அறிவுரைத் தொகுப்பு அல்ல. அவற்றில் சரிபார்த்துச் சொல்லக்கூடிய கடமைகள் பல உள்ளன. உள்நோயாளியின் மருத்துவ ஆவணங்களைச் சிகிச்சை தொடங்கிய நாளிலிருந்து மூன்று ஆண்டுகள் பாதுகாக்க வேண்டும். நோயாளியோ அவர் அதிகாரமளித்தவரோ கேட்டால் 72 மணி நேரத்துக்குள் அவற்றைத் தர வேண்டும். எந்த நோயாளியை ஏற்பது என்று தேர்ந்துகொள்ள மருத்துவருக்கு உரிமை உண்டு. ஆனால் அவசரநிலையில் அந்த உரிமை செல்லாது. ஒருவருக்குச் சிகிச்சையைத் தொடங்கிய பின், நோயாளிக்கும் குடும்பத்துக்கும் போதிய முன்னறிவிப்புக் கொடுக்காமல் பாதியில் கைவிடக் கூடாது. நோயாளியைப் பற்றி அறிந்ததை, நீதிமன்றம் கேட்டாலோ, பிறருக்குக் கடும் ஆபத்து இருந்தாலோ, அறிவிக்கப்பட வேண்டிய தொற்றுநோய் என்றாலோ அன்றி வெளியிடக் கூடாது.

காலத்துக்கேற்ப இவ்விதிகளுக்குப் புதுப் பொருளும் சேர்கிறது. தன்பாலின ஈர்ப்பை ‘மாற்றுவதாக’ச் சொல்லி அளிக்கப்படும் சிகிச்சையைத் தடுக்கச் சென்னை உயர்நீதிமன்றத்தில் நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் 2021 ஜூன் 7இல் பிறப்பித்த உத்தரவின் தொடர்ச்சியாக, அத்தகைய சிகிச்சை தொழில்முறைத் தவறு என்று தேசிய மருத்துவ ஆணையம் 2022 ஆகஸ்டில் எல்லா மாநில கவுன்சில்களுக்கும் எழுதியது. சென்னையில் நடந்த ஒரு வழக்கு, நாடு முழுவதும் உள்ள மருத்துவர்களைக் கட்டுப்படுத்தும் நெறியாக ஆனது இவ்வாறுதான்.

ஒப்புதல்: கையெழுத்துக்கு அப்பால்

நடத்தை விதிகளில் மிகுதியாக மீறப்படுவதும், மீறல் என்றே உணரப்படாததும் ஒப்புதல் தொடர்பானது. அறுவை அரங்குக்குக் கொண்டுபோகும் அவசரத்தில், அச்சடித்த தாளில், பெரும்பாலும் ஆங்கிலத்தில், ‘இங்கே ஒரு கையெழுத்துப் போடுங்கள்’ என்று வாங்கப்படுவது சட்டத்தின் பார்வையில் எவ்வளவு செல்லும் என்பதை உச்சநீதிமன்றம் 2008 ஜனவரி 16 அன்று அளித்த தீர்ப்பு தெளிவாக்கியது.

அந்த வழக்கின் விவரம் இது. 44 வயதான, மணமாகாத ஒரு பெண் நீடித்த மாதவிடாய்ப் போக்குக்காக 1995 மே மாதம் தில்லியில் ஒரு மருத்துவரிடம் சென்றார். நோயைக் கண்டறிய லேப்ராஸ்கோபி (சிறு துளை வழியே கருவி செலுத்தி வயிற்றின் உட்புறத்தைப் பார்க்கும் சோதனை) செய்வதற்கு அவர் கையெழுத்திட்டார். பொது மயக்க நிலையில் அவர் இருந்தபோது, வெளியே காத்திருந்த அவருடைய தாயிடம் ஒப்புதல் வாங்கிக்கொண்டு கருப்பை, சூலகங்கள், கருக்குழாய்கள் ஆகியவை அகற்றப்பட்டன. நோயின் தன்மையைப் பார்க்கும்போது அந்த அறுவை பொருத்தமானதுதான் என்பது மருத்துவர் தரப்பின் வாதம். இரண்டாவது முறை மயக்க மருந்தும் செலவும் மிச்சம் என்றும் சொல்லப்பட்டது.

மருத்துவர் நல்லெண்ணத்தோடும் நோயாளியின் நன்மை கருதியுமே செயல்பட்டார் என்பதை உச்சநீதிமன்றம் ஏற்றது. ஆனாலும் செய்தது தவறு என்று தீர்ப்பளித்தது. நோயாளி வயதுவந்தவர், சில மணி நேரத்தில் நினைவு திரும்பும், உயிருக்கு உடனடி ஆபத்து இல்லை, எனவே அவர் விழித்தெழும்வரை காத்திருந்து அவரிடமே கேட்டிருக்க வேண்டும் என்றது நீதிமன்றம். கண்டறிவதற்குத் தந்த ஒப்புதல் சிகிச்சைக்குத் தந்ததாகாது. ஒரு சிகிச்சைக்குத் தந்தது மற்றொன்றுக்குத் தந்ததாகாது. தாயின் ஒப்புதல் மகளின் ஒப்புதலாகாது. மருத்துவருக்கு அவர் கேட்ட கட்டணம் மறுக்கப்பட்டது; நோயாளிக்கு 25,000 ரூபாய் இழப்பீடு கிடைத்தது. ஈடுசெய்ய முடியாத ஓர் இழப்புக்கு இந்தத் தொகை மிகக் குறைவு. ஆயினும் மருத்துவரீதியாகச் சரியாக இருக்கக்கூடிய ஒரு செயல் தொழில்நெறிப்படி தவறாக இருக்க முடியும் என்பதை இதைவிடத் துலக்கமாகக் காட்டும் வழக்கு நம்மிடம் இல்லை.

ஒப்புதல் செல்லுபடியாக நோயாளிக்கு என்னென்ன சொல்லப்பட்டிருக்க வேண்டும் என்பதையும் அத்தீர்ப்பு வரையறுத்தது:

1. செய்யப்போவது என்ன, எப்படி, எதற்காக, அதனால் கிடைக்கும் பயனும் விளைவும் என்ன;
2. வேறு வழிகள் உண்டா;
3. குறிப்பிடத்தக்க அபாயங்கள் எவை;
4. செய்துகொள்ளாவிட்டால் என்ன நேரும்.

அரிதினும் அரிதான அபாயங்களையெல்லாம் பட்டியலிட வேண்டியதில்லை என்றும் நீதிமன்றம் சொன்னது. அமெரிக்க நீதிமன்றங்கள் கேட்கும் விரிவான வெளிப்படுத்தல் இந்தியச் சூழலுக்குப் பொருந்தாது என்பது அதன் முடிவு. இங்கிலாந்து உச்சநீதிமன்றம் 2015இல் வேறு திசையில் சென்றது. மருத்துவர்கள் வழக்கமாக எதைச் சொல்கிறார்கள் என்பதை விட்டுவிட்டு, அந்த நோயாளியின் நிலையில் உள்ளவர் எதை முக்கியமாகக் கருதுவார் என்பதை அளவுகோலாக்கியது. இந்தியாவும் அந்தப் பக்கம் நகர்வது நல்லது என்று கருதுகிறேன். மருத்துவர் சிறிதாக நினைக்கும் ஓர் அபாயம், குரலை நம்பிப் பிழைக்கும் ஆசிரியருக்கோ விரல்களை நம்பிப் பிழைக்கும் நெசவாளிக்கோ வாழ்வாதாரக் கேள்வியாக இருக்கக்கூடும்.

இங்கே 2002ஆம் ஆண்டு விதிகளில் உள்ள ஒரு குறையையும் சுட்டிக்காட்ட வேண்டும். அறுவைக்கு முன் எழுத்துமூல ஒப்புதல் பெற வேண்டும் என்னும் பிரிவு, கணவர் அல்லது மனைவி, சிறார் என்றால் பெற்றோர் அல்லது காப்பாளர் என்று வரிசையாகச் சொல்லி, நோயாளியைக் கடைசியில்தான் குறிப்பிடுகிறது. மனைவியின் அறுவைக்குக் கணவர் கையெழுத்தே போதும் என்ற மருத்துவமனை வழக்கத்துக்கு இந்த வாசகம் துணைபோகிறது. கருக்கலைப்புக்கு வயதுவந்த பெண்ணின் ஒப்புதல் மட்டுமே தேவை என்று 1971ஆம் ஆண்டுச் சட்டம் சொல்லியிருந்தும், ‘வீட்டுக்காரரை அழைத்து வாருங்கள்’ என்று திருப்பியனுப்பப்படும் பெண்களைப் பற்றிக் கேள்விப்படாதவர் குறைவு. திருத்தப்பட வேண்டிய முதல் பிரிவு இதுவே.

கமிஷனும் பரிசும்

ஸ்கேனுக்கோ இரத்தப் பரிசோதனைக்கோ அனுப்பியதற்காகப் பரிசோதனை நிலையத்திடம் பங்கு வாங்குவது, வேறொரு மருத்துவமனைக்கு நோயாளியை அனுப்பிவிட்டுப் பணம் பெறுவது ஆகிய இரண்டும் 2002ஆம் ஆண்டு விதிகளில் நேரடியாகத் தடை செய்யப்பட்டவை. மருந்து நிறுவனங்களிடமிருந்து பரிசு, பயணச் செலவு, விருந்தோம்பல், ரொக்கம் பெறுவதற்கான தடை 2009 டிசம்பரில் சேர்க்கப்பட்டது.

இதில் நீண்ட காலம் ஓர் ஓட்டை இருந்தது. விதி மருத்துவரை மட்டுமே கட்டுப்படுத்தும், கொடுக்கும் நிறுவனத்தை அல்ல என்று வாதிட்டு, பரிசுக்குச் செலவிட்ட தொகையை வணிகச் செலவாகக் காட்டி நிறுவனங்கள் வருமான வரிச் சலுகை கோரின. 2022 பிப்ரவரி 22 அன்று உச்சநீதிமன்றம் இதை நிராகரித்தது. வாங்குவது தடைசெய்யப்பட்டிருக்கும்போது கொடுப்பதை மட்டும் சட்டபூர்வமான செலவு என்று கொள்ள முடியாது என்றும், அந்தச் செலவு கடைசியில் மருந்தின் விலையில் ஏறி நோயாளியின் தலையில் விழுகிறது என்றும் கூறியது. 2024 மார்ச்சில் மத்திய அரசு மருந்து விற்பனை நடைமுறைக்கான சீரான நெறிமுறைகளைப் புதிதாக வெளியிட்டது.

கமிஷன் வாங்கியதற்கு ரசீது இருக்காது என்பதால் இவ்வகைப் புகார்களை நோயாளி நிறுவுவது கடினம். வருமான வரித்துறை போன்ற அமைப்புகளின் ஆவணங்களே இங்கே பயன்படக்கூடிய சான்று.

அலட்சியம் எப்படி அளக்கப்படுகிறது

நோயாளி குணமாகவில்லை, அல்லது இறந்துவிட்டார் என்பது மட்டுமே அலட்சியத்துக்குச் சான்று ஆகாது. 1957இல் இங்கிலாந்தில் தீர்ப்பான போலம் வழக்கின் அளவுகோலை இந்திய நீதிமன்றங்களும் பின்பற்றுகின்றன: அதே துறையில் சராசரித் திறமையுள்ள, பொறுப்பான மருத்துவர்கள் ஏற்கக்கூடிய முறையில் சிகிச்சை அளிக்கப்பட்டிருந்தால், வேறு சில மருத்துவர்கள் வேறு முறையை விரும்பியிருப்பார்கள் என்பதற்காக அது அலட்சியமாகாது. தலைசிறந்த நிபுணரின் திறமையை எல்லா மருத்துவரிடமும் சட்டம் எதிர்பார்ப்பதில்லை.

மாறாக, சில தவறுகளுக்கு நிபுணர் சாட்சியமே பெரிதாகத் தேவைப்படாது. 1963இல் அவுரங்காபாத் அரசு மருத்துவமனையில் கருத்தடை அறுவை செய்துகொண்ட பெண்ணின் வயிற்றுக்குள் துணி விடப்பட்டு அவர் இறந்தார். அங்கே துணி இருந்ததே அலட்சியத்தைக் காட்டுகிறது என்று கொண்ட உச்சநீதிமன்றம், 1996இல் மாநில அரசே பொறுப்பு என்று தீர்ப்பளித்தது.

மருத்துவ சேவை நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்பது உச்சநீதிமன்றத்தின் 1995 நவம்பர் 13ஆம் நாள் தீர்ப்பில் முடிவானது. எல்லோருக்கும் முற்றிலும் இலவசமாகச் சிகிச்சையளிக்கும் அரசு மருத்துவமனைகள் அதில் அடங்கா. ஆனால் சிலரிடம் கட்டணம் வாங்கிச் சிலருக்கு இலவசமாகச் செய்யும் மருத்துவமனையில் இலவச நோயாளியும் நுகர்வோரே. அரசு மருத்துவமனையில் பாதிக்கப்பட்டவருக்கு உரிமையியல் நீதிமன்றமும் உயர்நீதிமன்ற ரிட் மனுவும் உள்ளன.

குற்ற வழக்கு ஏன் கடைசி வழி

2005 ஆகஸ்ட் 5 அன்று ஜேக்கப் மேத்யூ வழக்கில் வந்த உச்சநீதிமன்றத் தீர்ப்பு இதில் அடித்தளமானது. மூச்சுத் திணறலுக்கு உள்ளான, புற்றுநோய் முற்றிய நோயாளிக்குக் கொண்டுவரப்பட்ட ஆக்சிஜன் சிலிண்டர் காலியாக இருந்தது. மாற்றுச் சிலிண்டரை இணைப்பதற்குள் அவர் இறந்தார். சிலிண்டர் இல்லாததற்கு மருத்துவமனை உரிமையியல் சட்டப்படி பொறுப்பாகலாம். ஆனால் அந்த மருத்துவர்களைக் குற்றவாளிகளாக்க அது போதாது என்றது நீதிமன்றம். குற்றமாக வேண்டுமானால் அலட்சியம் மிகக் கடுமையானதாக, அந்தச் சூழலில் எந்த மருத்துவரும் செய்யத் துணியாததாக இருக்க வேண்டும். வழக்கைத் தொடரும் முன் விசாரணை அதிகாரி, அத்துறையில் தகுதியுள்ள, முடிந்தவரை அரசுப் பணியில் உள்ள, வேறொரு மருத்துவரின் கருத்தைப் பெற வேண்டும்; வழக்கமான நடைமுறையாக மருத்துவரைக் கைது செய்யக் கூடாது.

இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் செயலில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 106(1) பிரிவு, அலட்சியத்தால் மரணம் விளைவிப்பதற்குப் பொதுவாக ஐந்து ஆண்டுவரை சிறை என்கிறது. மருத்துவச் செயல்முறையின்போது நேர்ந்தால் பதிவுபெற்ற மருத்துவருக்கு உச்ச அளவு இரண்டு ஆண்டு. இந்தக் குறைந்த வரம்பு தேசிய மருத்துவ ஆணையச் சட்டத்தின்கீழ்ப் பதிவு பெற்றவர்களுக்கு மட்டுமே உரியது. போலி மருத்துவர்களுக்கு அது கிடையாது. பதிவேட்டில் பெயரே இல்லாத அவர்கள்மீது மருத்துவ கவுன்சில் நடவடிக்கை எடுக்கவும் முடியாது. அவர்களைப் பற்றிய புகார் காவல்துறைக்கும் மாவட்டச் சுகாதார அதிகாரிகளுக்குமே செல்ல வேண்டும்.

பாதிக்கப்பட்டவர் முதலில் செய்ய வேண்டியவை

முதல் வேலை ஆவணம். கேஸ் ஷீட், பரிசோதனை முடிவுகள், ஒப்புதல் படிவம், செவிலியர் குறிப்புகள், டிஸ்சார்ஜ் சம்மரி அனைத்தின் நகலையும் எழுத்துமூலம் கேட்டு, கேட்டதற்கு ஒப்புகை பெற வேண்டும். 72 மணி நேரத்தில் தராவிட்டால், சிகிச்சை சரியா தவறா என்பதற்கு அப்பால், அதுவே தனியொரு விதிமீறல். அடுத்து, அந்த ஆவணங்களைத் தொடர்பில்லாத வேறொரு மருத்துவரிடம் காட்டிக் கருத்துக் கேட்க வேண்டும். நிகழ்ந்ததை எப்படியாவது அலட்சியம் என்று சொல்லவைப்பது அதன் நோக்கமாக இருக்கக் கூடாது. தவிர்க்க முடியாத சிக்கல்தான் என்று அவர் சொன்னால் அதையும் காதுகொடுத்துக் கேட்பது குடும்பத்துக்கே நல்லது.

நுகர்வோர் ஆணையத்துக்குப் போவதானால் இரண்டு ஆண்டுக் கால வரம்பை மறக்கக் கூடாது. செலுத்திய கட்டணம் ஐந்து லட்சம் ரூபாய்வரை இருந்தால் மாவட்ட ஆணையத்தில் மனுக் கட்டணம் இல்லை. கவுன்சிலில் புகார் கொடுப்பது இதற்குத் தடையல்ல. இரண்டையும் ஒரே நேரத்தில் நடத்தலாம்.

கவுன்சிலில் நோயாளிக்கு உள்ள தடை

புகார்மீது ஆறு மாதத்துக்குள் முடிவெடுக்க வேண்டும் என்று 2002ஆம் ஆண்டு விதிகள் மாநில கவுன்சில்களுக்குச் சொல்கின்றன. பெயர் நீக்கப்பட்டால் அதை உள்ளூர்ச் செய்தித்தாள்களில் பரவலாக அறிவிக்க வேண்டும் என்றும் சொல்கின்றன. இவ்விரண்டும் உறுதியாகக் கடைப்பிடிக்கப்பட்டாலே மக்களின் பார்வை மாறும். புகார் கொடுத்தவருக்கு ஆண்டுகள் கழிந்தும் பதிலில்லை என்ற நிலையில், மருத்துவர்களை மருத்துவர்களே விசாரிக்கும் அமைப்பு தன் உறுப்பினர்களைக் காக்கவே இருக்கிறது என்ற ஐயம் எழுவதைக் குறை சொல்ல முடியாது.

இதைவிடப் பெரிய தடை சட்டத்திலேயே இருக்கிறது. மாநில கவுன்சிலின் நடவடிக்கையால் பாதிக்கப்பட்ட மருத்துவர், தேசிய ஆணையத்தின் நன்னெறி மற்றும் மருத்துவப் பதிவு வாரியத்திடம் மேல்முறையீடு செய்யலாம்; அங்கும் நியாயம் கிடைக்கவில்லை என்றால் 60 நாளுக்குள் ஆணையத்திடமே செல்லலாம் என்கிறது 2019ஆம் ஆண்டுச் சட்டத்தின் 30ஆவது பிரிவு. தன் புகார் தள்ளுபடியான நோயாளியைப் பற்றி அப்பிரிவு எதுவும் சொல்லவில்லை. 2002ஆம் ஆண்டு விதிகளில் பின்னர் சேர்க்கப்பட்ட திருத்தம், மாநில கவுன்சிலின் முடிவால் பாதிக்கப்பட்ட எவரும் மேல்முறையீடு செய்யலாம் என்று இடமளித்திருந்தது. புதிய சட்டம் அந்த வழியை மருத்துவருக்கு மட்டும் வைத்துக்கொண்டது. நோயாளிக்குப் பெரும்பாலும் மிஞ்சுவது உயர்நீதிமன்றம்; அதற்குரிய செலவும் காலமும் எத்தனை குடும்பங்களால் தாங்க முடியும்? ‘மருத்துவர்’ என்று அப்பிரிவில் உள்ள இடத்தில் ‘புகார்தாரர்’ என்பதையும் சேர்க்க ஒரு சிறு சட்டத்திருத்தம் போதும். நிறுத்திவைக்கப்பட்ட நடத்தை விதிகளை ஆணையம் மீண்டும் கையில் எடுக்கும்போது, நாடாளுமன்றத்திடம் இத்திருத்தத்தையும் சேர்த்துக் கேட்பது அதன் கடமை.